கப் காது வார்க்கும் அச்சு: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

களிமண் கப்புக்குப் பத்து காது வார்த்தால் ஒன்றையாவது ஈரம் இருக்கும்போதே குறுக்கே வெட்டிப் பாருங்கள். நன்றாக வந்ததை வெட்ட மனசு வராது, தெரியும். எனக்கும் வரவில்லை. ஒரு சூளை நிறைய, நாற்பது கப், கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) போட்டுச் சுட்டு எடுத்து அடுக்கியிருந்தேன். வெளியே ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்றைத் துணியால் துடைக்கும்போது காது மட்டும் கையோடு வந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தால், உள்ளே பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. மீதி முப்பத்தொன்பதையும் யாருக்கும் விற்கத் துணிச்சல் வரவில்லை.

கைப்பிடி என்று எழுதலாம். ஆனால் கடாய்க்குக் காது இருப்பது போல கப்புக்கும் காதுதான்; அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஸ்லிப் (கூழாகக் கரைத்த களிமண்) ஊற்றி கப்பின் உடம்பை வார்க்கத் தெரிந்தவர்கள்தான் காதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். உடம்பு வார்க்கும்போது ஊற்றுகிறோம், சுவர் பிடித்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறோம். காதை அப்படிக் கவிழ்ப்பதில்லை. உள்ளே முழுக்க மண்ணாக நிறைய வேண்டும். ஸ்லிப் ஒன்றுதான், அச்சின் பிளாஸ்டர் ஒன்றுதான், ஆனால் தண்ணீர் வெளியேறும் கணக்கு வேறு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கில்தான் போய் நிற்கும்.

நான் மனதில் வைத்திருக்கும் அச்சு இது: இரண்டு பாகம், காதின் நடுக்கோட்டில் பிரிகிறது. காதின் வளைவு கீழே, இரண்டு நுனியும் மேலே. இரண்டு நுனியும் மேலே ஒரே ஊற்றுவாயில் சேர்கின்றன. வளையத்தின் உள்ளே பிளாஸ்டர் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாக்கை மறந்துவிடாதீர்கள், திரும்பத் திரும்ப அதனிடம்தான் வருவோம்.

வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை

பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச மண் சுவராகப் பிடிக்கிறது. ஆனால் பிடித்த மண்ணைத் தாண்டித்தான் அடுத்த சொட்டுத் தண்ணீர் போக வேண்டும். அதனால் வேகம் குறைந்துகொண்டே வரும். கனம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு. உங்கள் ஸ்லிப் 10 நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் பிடிக்கிறது என்றால், 6 மில்லிமீட்டருக்கு 20 நிமிடம் போதாது, 40 நிமிடம்.

இதைக் காதில் போட்டுப் பாருங்கள். நுனி 12 மில்லிமீட்டர் கனம் என்றால் இரண்டு பக்கமும் ஆறு ஆறு, ஆகவே 40 நிமிடம். நடு வளைவு 9 மில்லிமீட்டர்தான். பக்கத்துக்கு நாலரை, 22 நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். இப்போது ஊற்றுவாய் ஒரு நுனியில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 22ஆவது நிமிடத்தில் நடுவில் கதவு சாத்தியாகிவிட்டது. அந்தப் பக்கத்து நுனி இன்னும் 18 நிமிடத்துக்குத் தண்ணீரை இழந்து சுருங்கிக்கொண்டிருக்கும், ஆனால் நிரப்ப ஸ்லிப் வராது. அங்கேதான் ஓட்டை. என்னுடைய நாற்பது கப்பிலும் ஓட்டை இருந்தது கீழ் நுனிக்கு மேலே ஒரு விரல் தூரத்தில். எல்லாவற்றிலும் அதே இடம்.

ஆகவே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் அச்சின் வடிவக் கோளாறு. கனமான இடம் எதுவோ அதற்கு நேராக ஊற்றுவாய் இருக்க வேண்டும். இரண்டு நுனியும் கனம் என்றால் இரண்டும் மேலே பார்க்க வேண்டும். புது அச்சு செய்ய மனமில்லை என்றால், இருக்கும் அச்சில் கனமான பக்கத்துக்கு இன்னொரு வாயைக் கத்தியால் குடைந்துவிடலாம். பிளாஸ்டர் நன்றாக விட்டுக்கொடுக்கும்.

ஓட்டை இடம் மாறி மாறி வந்தால், அல்லது வாய்க்குக் கீழேயே புனல் மாதிரி குழி விழுந்தால், ஊற்றுவாய் சின்னது. காதின் கனமான இடத்தைவிட வாய் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் கடைசிவரை திரவமாக நிற்கும். மேலே ஸ்லிப் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். இறங்குவது நின்றால்தான் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். டீ குடிக்கப் போய்விட்டு வந்து மட்டத்தைப் பார்த்தால், வாயில் ஆடை கட்டியிருக்கும். அதன் மேல் ஊற்றினால் கீழே ஒன்றும் போகாது.

வளைவின் உட்புறத்தில் மயிரிழை விரிசல்

காது C வடிவம். C வடிவம் சுருங்கினால் நாக்கின் மேல் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும், பெரிய தொல்லை இல்லை. ஆனால் மேலே ஊற்றுவாயில் இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு மண் கட்டி உட்கார்ந்திருக்கிறதே, அது C-ஐ மூடி முழு வளையமாக்கிவிடுகிறது. வளையம் சுருங்குகிறது, நடுவில் நாக்கு அசையாமல் நிற்கிறது. விரலில் மோதிரம் இறுகுவது போல. எங்கேயாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

அதனால் ஊற்றுவாயில் ஸ்லிப் இறங்குவது நின்றதும், மிச்சத் திரவத்தைக் கவிழ்த்துவிட்டு, மேல் பளபளப்பு போனவுடன் மெல்லிய கத்தியால் அந்தக் கட்டியை வெட்டி எடுத்துவிடுங்கள். வாயின் சுவரை ஒட்டியே கத்தி போக வேண்டும். பிளாஸ்டரைச் சுரண்டக் கூடாது. வெட்டிய இடத்தில் இரண்டு நுனியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பலர் இந்தக் கட்டியை அச்சைத் திறந்த பிறகுதான் வெட்டுகிறார்கள். அதற்குள் விரிசல் விழுந்துவிட்டிருக்கும், ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாது, பிஸ்க் (கிளேஸுக்கு முந்தைய முதல் சூடு) சுட்ட பிறகு சிரிக்கும்.

வெட்டியும் விரிசல் வந்தால் அச்சைத் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறீர்கள். நுனியில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள்: விரல் ரேகை பதிகிறது, ஆனால் மண் ஒட்டவில்லை என்றால் திறக்கலாம். ரேகையும் பதியவில்லை என்றால் தாமதம். அப்புறம் நாக்கின் பக்கச் சுவர்களைப் பாருங்கள். அவை நேர் செங்குத்தாக இருக்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து டிகிரி சாய்வு வேண்டும். இருக்கும் அச்சில் ஈர உப்புத்தாளால் நாக்கை லேசாகத் தேய்த்தே அந்தச் சாய்வைக் கொண்டுவரலாம்.

அச்சைவிட்டு வர மாட்டேன் என்கிறது

புது அச்சா? முதல் இரண்டு மூன்று வார்ப்பு ஒட்டத்தான் செய்யும். அச்சு செய்யும்போது பூசிய சோப்பு இன்னும் மேலே இருக்கிறது. அந்தக் காதுகளைப் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள், வார்த்துத் தூக்கிப்போடுங்கள். சோப்புக்குப் பதில் வாஸ்லின் தாராளமாகப் பூசியிருந்தால் கதை வேறு. துளைகள் அடைபட்ட அந்த அச்சு கடைசிவரை தொல்லை கொடுக்கும்.

பழகிய அச்சு திடீரென ஒட்டுகிறது என்றால் ஈரம். இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. அச்சின் மொத்த எடையைப் பார்த்தால் இன்னும் நிறைய தண்ணீர் குடிக்கும் போலத் தெரியும், வெளிப்புறம் தொட்டால் காய்ந்திருக்கும். ஆனால் நாக்கு சின்னத் துண்டு, அதைச் சுற்றிலும் மண். எல்லாப் பக்கமும் அதுதான் தண்ணீர் குடிக்கிறது, அதனால் அதுதான் முதலில் நிறையும். அச்சைத் திறந்து நாக்கின் மேல் புறங்கையை அல்லது கன்னத்தை வையுங்கள். சில்லென்றிருந்தால் அன்றைக்கு அதற்கு விடுமுறை.

ஈரமும் இல்லை, சோப்பும் இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கிழிகிறது என்றால் அங்கே பின்சரிவு, அதாவது காது அச்சில் மாட்டிக்கொள்ளும் உட்குழிவு, இருக்கிறது. அச்சு எடுக்க மாதிரியை (அசல் காது வடிவத்தை) களிமண்ணில் பதித்தபோது, அச்சின் இரண்டு பாகமும் பிரியும் பிரிகோடு உண்மையான நடுவில் போகவில்லை. அடுத்த மாதிரிக்கு ஒரு வேலை செய்யுங்கள். மாதிரியைச் சமதளப் பலகையில் படுக்கவைத்து, ஒரு செங்கோணக் கட்டையின் செங்குத்து ஓரத்தில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்து, அந்த ஓரம் மாதிரியைத் தொட்டபடி சுற்றிலும் நகர்த்துங்கள். காது எங்கே மிக அகலமாக இருக்கிறதோ அங்கே கரி ஒட்டும். அந்தக் கரிக்கோடுதான் பிரிகோடு. கண்ணளவில் போட்ட கோட்டுக்கும் இதற்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மூட்டுக்கோட்டைச் சுரண்டி எடுத்தேன், சூளையில் திரும்பி வந்துவிட்டது

பேய் மாதிரி வரும் இது. பச்சையில் வழுவழுவென்றிருந்த காதில், சுட்ட பிறகு மெல்லிய மேடாக ஒரு கோடு. கிளேஸ் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இரண்டு பாகமும் சேரும் இடத்தில் மண் துகள்கள் மற்ற இடத்தில் படிவது போலப் படிவதில்லை. கோடு மேற்பரப்பில் மட்டும் இல்லை, கொஞ்சம் உள்ளேயும் இருக்கிறது. மேலே துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பைச் சீவினால் பச்சையில் மறையும். சுடும்போது அந்த இடம் பக்கத்து மண்ணைவிட வேறு அளவில் சுருங்கி மறுபடி தலைகாட்டும். உலர்ந்த பிறகு ஈர ஸ்பாஞ்சால் தேய்ப்பவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். ஸ்பாஞ்ச் மென்மண்ணைக் கழுவிக்கொண்டு போகும், பருமணல் வரியாக நிற்கும்.

ஈரப் பதத்திலேயே செய்யுங்கள். விளிம்பைச் சீவுங்கள், சீவிய கோட்டை ஸ்பூனின் முதுகால் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். அழுத்துவதுதான் வேலை, வழவழப்பாக்குவது இல்லை. காய்ந்த பிறகு ஸ்பாஞ்ச் ஒரே ஒரு தடவை, நன்றாகப் பிழிந்து.

மூல காரணம் அச்சில்தான். வார்த்தெடுத்த காதில் விளிம்பு காகிதக் கனத்துக்கு மேல் இருந்தால் இரண்டு பாகமும் சரியாக மூடவில்லை. நூலால் கட்டினால் போதாது. பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இழுத்து மாட்டுங்கள். இதைவிட நல்ல கிளாம்ப் காசு கொடுத்தும் கிடைக்காது. டியூப் போட்டும் இடுக்கு தெரிந்தால் பாகங்கள் கோணியிருக்கின்றன. தனித்தனியாகக் காயவைத்தால் கோணும். ஒரு அச்சு அதன் வாழ்நாள் முழுக்க மூடிக் கட்டிய நிலையில்தான் காய வேண்டும், முதல் நாளிலிருந்தே.

காது ஒரு பக்கமாகச் சாய்ந்து உலர்கிறது

அச்சின் ஒரு பாகத்துக்குப் பிளாஸ்டரையும் தண்ணீரையும் அளந்து கலக்கினீர்கள், இன்னொன்றுக்குக் கைக்கணக்கு. தண்ணீர் கூடிய பாகம் அதிகம் உறிஞ்சும், காது அதற்கேற்ப வளையும். வெட்டிப் பார்த்தால் நடுக்கோடு நடுவில் இருக்காது. மருந்து கிடையாது, இரண்டாவது பாகத்தை மறுபடி ஊற்றுங்கள்.

ஊசி குத்தியது போல ஓட்டைகள்

காதின் மேற்பரப்பில் இருந்தால் ஸ்லிப்பில் காற்று. கலக்கிய உடனே ஊற்றாதீர்கள், ஓர் இரவு மூடி வையுங்கள், சல்லடையில் வடிகட்டுங்கள், ஒரு நுனி வழியாக மட்டும் மெல்லிய ஒழுக்காக ஊற்றுங்கள். காற்று மறு நுனி வழியே வெளியேறும். இரண்டு நுனியிலும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வளைவின் அடியில் காற்று மாட்டும். ஓட்டை அச்சிலேயே இருந்து, காதில் சின்னச் சின்னக் குமிழாக வந்தால் அது பிளாஸ்டர் கலக்கும்போது அடித்த காற்று.

வளைவின் அடியில் ஒரு வட்டத்தில் மட்டும் கிளேஸ் சரியாகப் பிடிக்கவில்லை

ஊற்றிய ஒழுக்கு நேராக அங்கேதான் விழுகிறது. விழுந்த இடத்தில் மண் இறுகிக் கெட்டிப்படும், கிளேஸ் உறிஞ்சாது. வாயின் சுவரில் பட்டு வழிந்து இறங்கும்படி ஊற்றுங்கள். ஸ்லிப்பில் சோடியம் சிலிகேட் (தண்ணீர் கூட்டாமல் ஸ்லிப்பை இளக்கச் சேர்ப்பது) கூடியிருந்தாலும் இது அதிகமாகும்.

ஸ்லிப்பைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் அளந்து எடை போடுங்கள்: 1,750 முதல் 1,800 கிராம் வரை இருக்க வேண்டும். எடை குறைவென்றால் தண்ணீர் கூடுதல்; அச்சு சீக்கிரம் நனையும், காது அதிகம் சுருங்கும். எடை சரி, ஆனால் தயிர் மாதிரி இருக்கிறது என்றால் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். தேவை ஒரு சொட்டு சோடியம் சிலிகேட் அல்லது அதே வேலை செய்யும் டார்வன். உலர்ந்த மண்ணின் எடையில் மொத்தம் 0.2 முதல் 0.5 சதவீதத்துக்குள்தான் இது அடங்க வேண்டும். கூடிப்போனால் காது வெளியே தோல் போலக் கெட்டியாகி உள்ளே கொழகொழவென்றிருக்கும். நகத்தால் சீவினால் உதிரும்.

அச்சு மாவாக உதிர்கிறது, அல்லது வாளியிலேயே இறுகிவிடுகிறது

100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர், எடையில். இறுகுவதற்கு அந்த 70இல் கிட்டத்தட்ட 18.6 பங்குதான் தேவை. மீதி காய்ந்து போய் விட்டுச்செல்லும் வெற்றிடம்தான் ஸ்லிப்பின் தண்ணீரைக் குடிக்கும் துளைகள். தண்ணீர் கூடினால் நன்றாகக் குடிக்கும், ஆனால் உதிரும். குறைந்தால் கல்லாகும், குடிக்காது.

16க்கு 12 சென்டிமீட்டர், 4 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாகத்துக்கு அரை லிட்டர் தண்ணீரும் 715 கிராம் பிளாஸ்டரும் அளவாக இருக்கும். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவுங்கள், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றாதீர்கள். தூவி முடித்து இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள், தானாக நனையட்டும். அப்புறம் கையை அடியில் வைத்தே இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். விரலால் கோடு போட்டால் ஒரு நொடி நின்று மறையும், அதுதான் ஊற்றும் பதம்.

வாளியிலேயே இறுகினால் வாளியைப் பாருங்கள். போன தடவை ஒட்டிக்கொண்ட பழைய பிளாஸ்டர் துணுக்குகள் புது பிளாஸ்டரை விரட்டி இறுக வைக்கும். வெதுவெதுப்பான நீரும் அப்படித்தான். ரொம்ப நேரமாகியும் இறுகவே இல்லை, அல்லது இறுகியும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கிறது என்றால் மூட்டை பழசு, காற்றில் ஈரம் குடித்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங்குக்கு விற்கும் பி.ஓ.பி.யில் அச்சு செய்து பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் பாட்டரி பிளாஸ்டருக்கு வருகிறோம். அது அழகாக இறுகும், ஒழுங்காக உறிஞ்சாது. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள்ளும் அது இறுகும்.

நன்றாக இருந்த அச்சு ஓரங்களில் மாவாகிறது என்றால் சூட்டில் காயவைத்திருக்கிறீர்கள். 50 டிகிரியைத் தாண்டினால் இறுகிய பிளாஸ்டர் உள்ளே பிடித்துவைத்த தண்ணீரையும் விட ஆரம்பிக்கும். சூளை மேல் வைத்து நான் இரண்டு அச்சைக் கொன்றிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சு காயவே காயாது என்று புலம்புவோம். அப்போதும் சூடு வேண்டாம். இரண்டு மரச்சட்டம் போட்டு அதன் மேல் நிறுத்தி, மேசை ஃபேனை இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

உதிர்ந்த துணுக்குகள் ஸ்லிப் வாளிக்குள் போகவே கூடாது. ஊற்றுவாயிலிருந்து வெட்டிய மண்ணில் பிளாஸ்டர் பொடி கலந்திருந்தால் தனியாகப் போடுங்கள். சுட்ட பாத்திரத்தில் சில நாள் கழித்து அந்த இடம் பொரிந்து சில்லாகத் தெறிக்கும்.

அச்சின் மேல் வெள்ளைப் பஞ்சு பூக்கிறது

பூஞ்சை இல்லை, உப்பு. ஸ்லிப்பை இளக்கச் சேர்க்கும் சோடியம் சிலிகேட்டும் சோடா ஆஷும் பிளாஸ்டரோடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகின்றன. தண்ணீர் எந்தப் பரப்பு வழியாக ஆவியாகிறதோ அங்கே உப்பும் வந்து பூக்கும். அச்சைத் திறந்து போட்டுக் காயவைத்தால், காது பதியும் பரப்பிலேயே பூத்து அதை அரிக்கும். மூடிக் கட்டிக் காயவைத்தால் வெளிச்சுவரில் பூக்கும், அங்கே பூத்தால் என்ன? காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

கப்பில் ஒட்டிய இடத்தில் விரிசல்

நாக்கும் வளையமும் கதைதான் மறுபடி. இப்போது கப் அசையாமல் நிற்கிறது, காது இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு சுருங்குகிறது. காது கப்பைவிட ஈரமாக இருந்தால் அதிகம் சுருங்கி, ஒட்டிய இடத்தில் விடும். காது கப்பின் அதே ஈரத்தில் அல்லது அதைவிடக் கொஞ்சம் காய்ந்து இருக்கட்டும். ஒரே வாளி ஸ்லிப்பில் இரண்டையும் வார்த்தெடுங்கள். ஒட்டுவதற்கும் அதே ஸ்லிப், கொஞ்சம் கெட்டியாக. 3 மில்லிமீட்டர் சுவர் சீக்கிரம் காயும், 12 மில்லிமீட்டர் காது காயாது. அதனால் ஒட்டியவுடன் முழுக் கப்பையும் பிளாஸ்டிக்கில் மூடி ஒரு நாள் வைத்து, பிறகு மெல்லத் திறவுங்கள்.

மேல் மூட்டில் மட்டும் விரிசல் என்றால், நுனி கப்பின் வளைவுக்குப் பொருந்தவில்லை, நீங்கள் அழுத்தி வளைத்துப் பொருத்தியிருக்கிறீர்கள். நுனிகளை அச்சிலேயே ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டு, கப்பின் வளைவுக்கேற்ப வெட்டிப் பொருத்துங்கள்.

சுட்ட பிறகு விரல் நுழையவில்லை

மாதிரியை முடிவு அளவிலேயே செய்துவிட்டீர்கள். உங்கள் மண்ணில் ஒரு பட்டை வார்த்து, அச்சிலிருந்து எடுப்பதற்கு முன்பே 100 மில்லிமீட்டர் கோடு கீறி, கடைசிச் சூட்டுவரை சுட்டு அளந்து பாருங்கள். 88 வந்தால் சுருக்கம் 12 சதவீதம். மூன்று விரல் நுழைய உள்ளே 65 மில்லிமீட்டர் வேண்டும் என்றால், 65-ஐ 0.88ஆல் வகுங்கள்: மாதிரியில் 74. பலர் 65-உடன் 12 சதவீதம் கூட்டி 72.8 என்று செய்கிறார்கள். சுட்டால் 64 வரும். ஒரு மில்லிமீட்டர்தானே என்றால், கட்டைவிரல் பருமனான காதில் அது தெரியாது. மெல்லிய காதில் விரல் மூட்டு உரசும்.

கப்பின் வாய் நீள்வட்டமாகிறது

காது கனம். சூளையில் மண் இளகும்போது அந்தப் பக்கமாக இழுக்கிறது. பிஸ்க் சுடும்போது ஒரே அளவுள்ள இரண்டு கப்பை வாயோடு வாய் கவிழ்த்து அடுக்கினால் ஓரளவு வட்டம் நிற்கும். நான் அதோடு காதின் நடுக் கனத்தை 9இலிருந்து 8ஆகக் குறைத்தேன். ஊற்றுவாயைச் சரிசெய்த பிறகுதான் அதற்குத் தைரியம் வந்தது.